ருசி பார்க்காமல் போடும் உப்பு

உ
காரைக்குடி
3 ஜனவரி 2025

கிருத்திகா அப்பாவுக்குச் சோலையம்மாள் எழுதுவது.

பள்ளத்தூர்ப் பக்கத்துச் சிவன் கோவில் குடமுழுக்கு அன்னதானம் நமக்குக் கிடைத்துவிட்டது. மாசியில் மூன்று நாள், நாளுக்கு ஐயாயிரம் இலை. மதுரையிலிருந்து இரண்டு காண்ட்ராக்டர்கள் விலையைக் குறைத்துக் கேட்டார்கள். நான் ஒரு பைசா குறைக்கவில்லை. "எங்க சாப்பாட்டைத் தின்னு பாத்துட்டுப் பேசுங்க" என்று கோவில்காரர்களிடம் சொன்னேன். தின்றார்கள், பேசவில்லை, கையெழுத்துப் போட்டார்கள்.

மடத்தில் போன் கூடாது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன். காளையார்கோவில் ஒரு மணி நேர பஸ்தான். எட்டு வருஷத்தில் நீங்கள் வரவில்லை, நானும் வரவில்லை. வேலையை விட்டு வர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய்.

அந்தச் சித்திரைக் கல்யாணத்தில் நீங்கள் வைத்த பால் பாயசம் கெட்டு நாற்பது பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாளே எல்லாரும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஜோசியர் உங்கள் கையில் அன்னதோஷம், போன பிறவி வினை என்றார். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மடத்துக்குப் போனீர்கள். எனக்குத் தெரிந்த வினை வேறு. பால் விடியலில் வந்தது, பந்தி மதியம், பந்தலில் ஐஸ் இல்லை. என் முதல் லாபத்தில் நான் நகை வாங்கவில்லை, ஆள் உயரத்துக்குக் குளிர்பெட்டி வாங்கினேன். அதற்கப்புறம் ஒரு சொட்டுப் பால் திரிந்ததில்லை. நான் செய்த பரிகாரம் அதுதான்.

போர்டில் இன்றைக்கும் உங்கள் பேரில் 'பெரியகருப்பன் சமையல்' என்றுதான் இருக்கிறது. ராசியில்லாத பேர், மாற்று என்று சொல்லாத ஆள் இல்லை. இந்தப் பேரை வைத்துத்தான் ஜெயிப்பேன் என்று வீம்பு பிடித்தேன். இரண்டு வாடகை அண்டாவில் தொடங்கினேன். இப்போது வேன் இரண்டு ஓடுகிறது.

இந்த மூன்று நாள் சமையலுக்கு நீங்கள் வரவேண்டும். ஆள் கிடைக்காமல் உங்களைக் கூப்பிடவில்லை. மாஸ்டர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் இது சாமிக்குப் படைக்கிற சோறு. படையல் முடிகிறவரை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. ருசி பார்க்காமல் அண்டாக் கணக்கில் உப்புப் போட இவர்களுக்கு வரவில்லை. சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் கடல், மறுநாள் கம்மாய்த் தண்ணீர். கண்ணால் பார்த்து, கையால் அள்ளிப் போட்டு, ஒரு தடவைகூடத் தப்பாத கை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதை மடத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?

பதில் போடவும்.
சோலையம்மாள்

சிவமயம்
காளையார்கோவில்
8 ஜனவரி 2025

அன்புள்ள சோலைக்கு,

உன் கடிதத்தைக் குளத்துப் படியில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். கோவில்காரர்களைக் கையெழுத்துப் போட வைத்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் ஜபம் பண்ணிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்டார். எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டா தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

இங்கே நான் பாத்திரம் கழுவுகிறேன், எச்சில் இலை எடுக்கிறேன். அடுப்பைத் தொடமாட்டேன் என்று சபதம். நான் சமையல்காரன் என்பதே இங்கே யாருக்கும் தெரியாது. சமையல்கட்டு மணியக்காரர் கொஞ்சம் வாய்க்காரர். விளக்கிய அண்டாவையே மறுபடி விளக்கச் சொல்லி ஏசுவார். பொறுத்துப் போகிறேன். பொறுக்கப் பொறுக்க வினை கரையும் என்று நம்புகிறேன்.

இது ஐயாயிரம் பேர் வயிற்றுக் காரியம், சோலை. என் கையை நம்பாதே. போர்டிலிருந்தும் என் பேரை எடுத்துவிடு. உன் உழைப்புக்கு மேலே என் பேர் எதற்கு? கிருத்திகா சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிற பழக்கத்தை விட்டாளா?

பெரியகருப்பன்

உ
காரைக்குடி
10 ஜனவரி 2025

கிருத்திகா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. காய் நறுக்குகிற பெண்களுக்கு மேஸ்திரியாக வீரலட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாள். பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா என்னக்கா எழுதியிருக்காக?"

"கை சரியில்லையாம்."

"கை சரியில்லாட்டி ஆஸ்பத்திரிக்குல்ல போகணும்? மடத்துக்கு எதுக்குப் போனாக?"

"வாய மூடிக்கிட்டு வெங்காயத்தை உரிடி."

"நாங்க உரிச்சாத்தேன் அழுகை வருது. நீங்க உரிக்காமயே அழுகுறீகளே."

இதை எழுதலாமா என்று யோசித்தேன். நடந்ததுதானே, எழுதிவிட்டேன்.

பொறுமை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பரிமாறிய முதல் வருஷப் பந்திகளில் என் காதுபடவே, "பாத்துச் சாப்புடுங்கப்பா, பெரியகருப்பன் சமையலு" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு அவர்கள் இலையில் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றினேன். மூன்றாம் தடவை அவர்களே கேட்டார்கள். நான் ஆட்களுக்கு நடுவில் நின்று பொறுத்தேன். நீங்கள் யாருக்கும் தெரியாத இடத்தில் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பொறுக்கிறீர்கள். இரண்டும் ஒரே சரக்கு என்று என்னிடம் விற்கவேண்டாம்.

வினை கரைகிறது என்கிறீர்கள். எட்டு வருஷத்தில் எவ்வளவு கரைந்தது? பாதியா, காலா? நான் பார்த்தவரையில் நீங்கள் அதைக் கரைக்கவில்லை, காவல் காக்கிறீர்கள். சாமிக்குப் பயந்து ஒதுங்கியிருந்தால் நான் வாய் திறக்கமாட்டேன். நீங்கள் ஒதுங்கியது ஒரு அண்டாப் பாயசத்துக்குப் பயந்து.

போர்டு வெளுத்துவிட்டது. பொங்கல் கழித்து எழுத ஆள் வருகிறார். அதற்குள் வருகிறேன் என்று பதில் வந்தால் உங்கள் பேர் இருக்கும். வராவிட்டால் 'சோலையம்மாள் சமையல்' என்று எழுதச் சொல்லிவிடுவேன். சொல்லிப் பார்த்தேன், அந்தப் பேரும் நன்றாகத்தான் இருக்கிறது.

கிருத்திகா இன்னும் சாப்பிடாமல்தான் ஓடுகிறாள்.

சோலையம்மாள்

சிவமயம்
காளையார்கோவில்
18 ஜனவரி 2025

அன்புள்ள சோலைக்கு,

நீ சொன்ன கெடு தாண்டியிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

பொங்கலன்று மடத்தில் முந்நூறு பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். மணியக்காரர் வாசலில் யாரையோ வரவேற்கப் போய்விட்டார். அடிப்பிடிக்கிற வாடை எனக்குத்தான் முதலில் வந்தது. பத்தடி தள்ளி உட்கார்ந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் விறகை இழுத்துவிட்டு ஒரு கிண்டு கிண்டினால் போதும். சபதம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அவர் திரும்பி வரும்போது அடியெல்லாம் கரி, மேலெல்லாம் புகைவாடை. சாமிக்குப் படைக்க ஒன்றும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த சனம் வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியது.

அன்றைக்கு என் கை பட்டுக் கெட்டது. இன்றைக்கு என் கை படாமல் கெட்டது. அப்படியென்றால் கையில் என்ன இருக்கிறது? இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு மணியக்காரரிடம் போய், "வாடை வந்துச்சு. வந்தும் பேசாம இருந்துட்டேன்" என்றேன்.

"உனக்கு அடுப்படி வேலை தெரியுமாய்யா?"

"தெரியும்."

"எம்புட்டுப் பேருக்கு ஆக்குவ?"

"பத்தாயிரம் இலை வரைக்கும் ஆக்கியிருக்கேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எட்டு வருசமா நான் வைக்கிற ரசத்தைக் குடிச்சுட்டு வாயத் தொறக்காம இருந்திருக்கீகளே, தவம்னா அதுல்ல தவம்!" என்றார்.

மறுநாள் காலை அடுப்பை என்னிடம் விட்டார். வெண்பொங்கல். கண்ணால் அளந்து உப்பை அள்ளினேன். போட்டேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. படையல் முடிந்து பந்தியில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.

போர்டில் உன் பேரே இருக்கட்டும். அதன் கீழே வேலை பார்க்க எனக்குச் சம்மதம், சந்தோஷமும்கூட. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். விடியலில் இங்கே உட்கார்ந்து தேவாரம் பாடுகிறேன். மடத்துக்கு வந்தது பயத்தில். பாட்டு பயத்தில் வந்ததில்லை. அதை விடமாட்டேன். வீட்டுக்கு வருகிறேன் என்று எழுத இன்னும் தைரியம் வரவில்லை. அடுப்புக்கு வருகிறேன். என்ன கூலி என்று நீயே எழுது.

பெரியகருப்பன்

உ
காரைக்குடி
21 ஜனவரி 2025

கிருத்திகா அப்பாவுக்கு,

போர்டு எழுதியாகிவிட்டது. பச்சையில் வெள்ளை எழுத்து, என் பேர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. உங்களுக்காக மாற்றப் போவதில்லை.

ஒன்று மட்டும் எழுதுகிறேன், இதற்குமேல் கேட்கக்கூடாது. கரிந்த பானையை ஒத்துக்கொள்ள மணியக்காரர் முன்னால் போய் நின்றீர்களே, அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். கடிதத்தை வீரலட்சுமி காய் நறுக்குகிற இடத்தில் உரக்கப் படித்தாள். நான் தடுக்கவில்லை.

இனி வியாபாரம். மாதத்தில் பதினைந்து நாள் அடுப்பு, மீதி நாள் மடம். வேலை நாளில் விடியலில் பாடிக்கொள்ளலாம், ஆறு மணிக்கு அடுப்புப் பற்றவேண்டும். உப்பு உங்கள் கை, கொள்முதல் என் கை. குடமுழுக்கின் மூன்று நாளும் பால் பாயசம் நீங்கள்தான் வைக்கவேண்டும், பருப்புப் பாயசம் என்று நழுவக்கூடாது. படுக்க மாடி அறை, அதற்கு வாடகை பிடிக்கமாட்டேன். கூலி மற்ற மாஸ்டர்களுக்குக் கொடுப்பதுதான், நாளுக்கு மூவாயிரம். புருஷன் என்று கூட்டவும் இல்லை, எட்டு வருஷம் என்று குறைக்கவும் இல்லை. காளையார்கோவிலிலிருந்து வருகிற பஸ் காசு நான் தருவேன். திரும்பிப் போகிற காசு உங்களுடையது.

சோலை