அக்காவின் படத்தைக் கல்லூரிக்குத் தரவில்லை

என் அருமை தெரேஸ் அக்கா,

நான் எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் பிழையைத் திருத்திவிட்டுத்தான் படிப்பாய். இந்த முறை உன்னால் முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த மழைக்காலம் திரும்ப வந்துவிட்டது. பாண்டி இப்போது சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் போய் எட்டு வருஷமாக நடைமுறையில் இருந்ததற்குக் கடைசியில் முத்திரை விழுந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா என்று நெல்லித்தோப்பில் வீட்டுக்கு வீடு சண்டை. நீ இருந்திருந்தால் எதை எடுத்திருப்பாய்?

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. கல்லூரியில் உன் படத்தை மாட்டப் போகிறார்களாம். நம்மிடம் இருக்கும் ஒரே படத்தைக் கேட்டார்கள். நான் தர மாட்டேன் என்றேன். அம்மா என்னோடு மூன்று வாரம் பேசவில்லை.

அம்மா பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மில்லில் சாயம் போட்டுப் போட்டு, நீலம் போகாத கையோடு செத்தவரின் பெண்டாட்டி அவள். அவள் மகள் முகம் கல்லூரிச் சுவரில் தொங்கப்போகிறது. "என் பொண்ணு மொகத்த நாலு பேர் பாக்கக்கூடாதாடா? உனக்கு இன்னாடா அவ்ளோ வீம்பு?" என்று கேட்டாள். நான் மில் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அப்பா கையிலிருந்த நீலம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பாரீஸ் வரைக்கும் போனவள் நீ. அணுக்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன, எலக்ட்ரான்கள் எப்படிப் பரவி நின்றால் என்ன நிறம் தெரியும் என்பதையெல்லாம் தாளிலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் படிப்பு அது. ஐம்பத்து நாலில் நீ திரும்பி வந்ததும் அம்மா கேட்டது நினைவிருக்கிறதா?

"கெமிஸ்ட்ரின்றே, ஒரு கண்ணாடிக் குப்பி கூட காணோமே?"

"நான் தாள்லதாம்மா சமைக்கிறேன்."

"அப்ப தாளையே துன்னு. சோறு எதுக்கு?"

அம்மா விளையாட்டாகக் கேட்டாள். கல்லூரியில் அதையே விளையாட்டில்லாமல் கேட்டார்கள். கைக்கு அமிலம் படாதவள் என்ன வேதியியல்காரி என்றார்கள் வேதியியல் பக்கம். எலக்ட்ரான் எங்கள் சொத்து என்றார்கள் இயற்பியல் பக்கம். கணக்குப் பக்கம் உன்னை விருந்தாளி மாதிரி நடத்தினார்கள். மருந்து சம்பந்தமாக டாக்டர்கள் மட்டும் சந்தேகம் கேட்க வந்தார்கள், அதுவும் சாயங்காலத்தில், யாரும் பார்க்காதபோது. மூன்று அறைகளில் பாடம் எடுத்தாய். ஓர் அறையிலும் உனக்கென்று நாற்காலி இல்லை. ஆண்பிள்ளையாக இருந்திருந்தால், சாயக்காரன் மகளாக இல்லாமல் இருந்திருந்தால், இதற்குப் பெயர் மேதை என்று சொல்லியிருப்பார்கள். உனக்கு வைத்த பெயர் 'தற்காலிகம்'.

பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் வந்த கதையை நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பிரெஞ்சுக்காரர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைப்பார்கள். நீயும் அப்படித்தான் பழகியவள். இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவே உள்ள தூரத்தை 1,39 என்று எழுதியிருந்தாய். சென்னையிலிருந்து புதிதாக வந்த டைப்பிஸ்ட் நல்ல மனுஷன். காற்புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் இருக்க வேண்டுமே என்று தவித்துப்போய், 1,390 என்று அடித்துக் கொடுத்துவிட்டார்.

"ஒரு சைபர் வுட்டுப் போச்சு மேடம், நானே போட்டுட்டேன்" என்றாராம்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வுக் குழுவின் தலைவர் அதை ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு என்று உரக்கப் படித்தார். இவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டா அணுக்கள் கைகோக்கின்றன, ஒன்று பாண்டியிலும் ஒன்று கடலூரிலுமா நிற்கிறது என்று கேட்டார். அறையே சிரித்தது. நீ விளக்கினாய். புரிந்ததும் அவர் மன்னிப்புக்கூடக் கேட்டார். அடுத்த கேள்வி: சரி, உங்களை எந்தத் துறையில் போடுவது? அதற்கு நீ சொன்ன பதில் அவர்கள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பதவி வேறொருவருக்குப் போனது.

வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய் தெரியுமா? "அந்த ஆளு போட்ட சைபரால கணக்கு மாறவே இல்லடா அந்துவான். காற்புள்ளிய தசமமா படிச்சா 1,39-ம் 1,390-ம் ஒண்ணுதான்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். உனக்குக் கோபமே வராதா அக்கா? வந்ததை எங்கே வைத்துக்கொண்டாய்?

உனக்கு நடத்திய இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் உன்னைப் பேராசிரியர் என்றார்கள். உயிரோடு இருந்த வரைக்கும் கொடுக்க முடியாத பதவியைச் செத்த பிறகு செலவில்லாமல் கொடுத்துவிட்டார்கள். அதே மாதம் உன் வகுப்பைக் கால அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படத்தை நான் தர மறுத்ததற்கு அதுதான் காரணம்.

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; முத்துலட்சுமி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மூலக்குளத்து விவசாயி வீட்டுப் பெண், உன் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவாளே, அவள்தான். போன ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்க டீச்சர் மத்மோசேல் நடத்துன பாடத்த எடுத்துட்டாங்கம்மா. நாங்க ஒரு வருசமா போயி வேற வாத்தியார் போடுங்கன்னு கேட்டோம். தொறையே இல்லாததுக்கு ஆளு எப்பிடிப் போடறதுன்றாங்க. பாதில நிக்குது. இங்க குந்திக் கணக்கப் போட்டுப் பாக்கட்டுமா?"

அம்மா பாயை எடுத்து விரித்தாள். மூன்று பேரும் குனிந்துகொண்டு, நீ விட்ட இடத்திலிருந்து சண்டை போட்டுக்கொண்டே கணக்குப் போட்டார்கள். அம்மாவுக்கு ஓர் எழுத்தும் புரியாது. ஆனாலும் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

முன்பு படம் கேட்டு வந்த பெரியவர் நேற்று கல்லூரியிலிருந்து மறுபடி வந்தார். சந்தன மாலை போடுவார்களாம். கீழே பேராசிரியர் என்று பொன் எழுத்தில் எழுதுவார்களாம்.

"உயிரோட இருந்தப்ப ஏன் சார் எழுதல?" என்று கேட்டேன்.

"தம்பி, அதெல்லாம் மேலிடத்து விஷயம்" என்று குடையைப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா. பெத்தவங்க நீங்க" என்றார்.

அம்மா கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்ப் படத்தை எடுத்தும் வந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவ கிளாஸே இல்லாத எடத்துல எம் பொண்ணு சுவத்துல தொங்கிக்கினு யாரய்யா பாத்துக்கினு இருப்பா?"

அவர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் நம் முன்னறை அந்தப் பெண்களுக்கு. நான் மில்லுக்குப் போகாத நாளெல்லாம் கல்லூரிக்குப் போய், அந்த வகுப்பு எங்கே என்று கேட்பேன். துரத்தினால் மறுநாளும் போவேன். கால அட்டவணையில் அது ஏறிய அன்று உன் படத்தை நானே சுமந்துகொண்டு போய் அந்த வகுப்பறையில் மாட்டுவேன். அதுவரை நீ இங்கே எங்களோடு இரு.

உன் கூடப் பிறந்த முரடன்,
தம்பி அந்துவான்