தேவாலய வளைவு விளக்குக் கம்பமும் எங்கள் புதுப் படகும்

அனுப்புநர்:
திருமதி கூன்வோர் ஸ்டோர்கோர்ட்,
படகுப் பட்டறை வீடு, நோர்விக், பின்லாந்து.

பெறுநர்:
சாலைப் பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், நோர்விக்.

பொருள்: படகைக் கடலுக்குக் கொண்டுபோக, தேவாலயத்தருகே சாலை வளைவிலுள்ள விளக்குக் கம்பத்தை ஒரு பகல் மட்டும் கழற்ற அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் ஹெல்கெ துடுப்புப் படகு செய்த காலத்தில் அதைப் பால் வண்டியிலேயே கரைக்குக் கொண்டுபோனோம். இயந்திரப் படகு வந்தபோது பக்கத்து வீட்டு சிக்ஸ்டன் தன் வாசல் மரத்தை வெட்டி வழிவிட்டார். மகன் ரூனார் அறை வைத்த படகு கட்டியபோது தேவாலயத்தார் வேலியைத் தள்ளிப் போட்டார்கள். படகு வளர வளர ஊர் ஒதுங்கியே வந்திருக்கிறது. அந்த நம்பிக்கையில் இம்முறையும் கொட்டகை வாசலை மட்டும் இடித்து அகலப்படுத்தினோம், பாதையை அளக்கவில்லை. தவறுதான்.

இப்போது நிற்பது என் பேத்தி ஆல்வா வரைந்த படகு. நான்கு பேர் படுக்கலாம், சமைக்கலாம். இக்கரையில் இத்தனை பெரியதை எவரும் கட்டியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையாகவும் இருக்கிறது. வளைவில் அது திரும்ப, தங்கள் கம்பத்தால் ஒரு முழம் இடம் போதவில்லை.

வாங்குபவர் ஸ்வீடன்காரர். கடல் உறையுமுன் தண்ணீரில் ஒப்படைக்காவிட்டால் படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் விலகினால், பட்டறையை விலைக்குக் கேட்டுக் காத்திருக்கும் தலைநகரக் கம்பெனிக்கே கொடுத்துவிட நேரும்.

சிக்ஸ்டன் தன் உருளைக்கிழங்கு வயல் வழியே இழுக்கச் சொல்கிறார். ஈர மண்ணில் வண்டி புதைகிறது. மண் இறுகும் குளிர் வந்தால் கடலும் மூடிக்கொள்ளும். உள்குடாவில் காலையில் கண்ணாடி போல் பனிக்கட்டி படரத் தொடங்கிவிட்டது.

ரூனார் நேரில் வந்து கேட்டபோது தங்கள் உதவியாளர், "வசந்தத்துல பாத்துக்கலாம். அவ்ளோ அவசரம்னா படகை ரெண்டா அறுத்து எடுத்துட்டுப் போங்களேன்" என்று சிரித்தாராம். மகன் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட்டான். பேத்தி அப்படியில்லை. "மரக்கம்பந்தானே பாட்டி, நானே அறுத்துடுறேன்" என்கிறாள். ரம்பத்தை என் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், சட்டம் தெரியாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் வருகிறார்களென்று அந்த விளக்கைக் கேட்டுக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருத்தி. அதை எடுத்தே விடுங்கள் என்று கேட்க மாட்டேன். தங்கள் மின்பணியாளர் முன்னிலையில், எங்கள் செலவில் கழற்றி, படகு கடந்ததும் திரும்ப நட்டுத் தருகிறோம்.

கடல் மூடுமுன் உத்தரவு தர வேண்டுகிறேன். நடுவதற்குள் இருட்டிவிட்டால், கடைசிப் பிள்ளை வீடு சேரும் வரை கம்பம் இருந்த இடத்தில் நானே லாந்தர் பிடித்து நிற்பேன்.

இடம்: நோர்விக்
நாள்: 14.11.2019

இப்படிக்கு,
கூன்வோர் ஸ்டோர்கோர்ட்