ஜும்ஆ நேரத்துச் சோதனை

8 மே 2009, வெள்ளி

இன்றும் கடைப்பக்கம் போகவில்லை. காலிதீன் காக்காவின் இன்டர்நெட் கடையில், சுனாமி நிவாரணத்தில் வந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் மெசின். வெளிநாட்டுக்கான எல்லா அழைப்பும் அதன் வழியாகத்தான் போகும். அதற்கான புரோகிராம் கோட் முழுவதையும் நானும் மாமா மகன் ஜெஸீலும் பாதிப் பாதியாக எழுதினோம். பின்னேரம் சனம் கூடினால் மெசின் உறைந்துவிடுகிறது.

"ஸாலிஹாட கோட்லதான் பிழை. என்டத போன வெள்ளி சோதிச்சுப் பாத்திட்டன்" என்றான் ஜெஸீல் திங்களன்று, கடை நிறைந்த சனத்துக்கு முன்னால். "நீ கொஞ்ச நாளைக்கு ஊட்ட இரி புள்ள" என்றார் காக்கா.

என் கோட்டில் பிழையில்லை என்று அதே சனத்துக்கு முன்னால் அவன் வாயாலேயே சொல்லவைப்பேன். இல்லாவிட்டால் என் பேர் ஸாலிஹா இல்லை.

12 மே

பிடித்துவிட்டேன்! பிழை அவனுடையதுதான்.

அழைப்பு சின்னச் சின்னப் பாக்கெட்டாகத்தான் வரும்; மெசினின் அடி மென்பொருளான கேர்னல், ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஒரு துண்டு இடம் பிடித்து வைக்கும். எவ்வளவு இடம் போயிற்று என்று கணக்கும் வைத்து, எல்லை தாண்டினால் புதியதை மறுக்கும். இவனோ பாக்கெட்டை அடுத்த கைக்குக் கொடுத்த உடனேயே கணக்கில் கழிக்கிறான். இடம் இன்னும் காலியாகவே இல்லை! கல்யாண வீட்டில் சோற்றுச் சகன் தட்டைச் சபைக்கு அனுப்பியதுமே அது கழுவித் திரும்பிவிட்டதாக நினைப்பது போல. மடையன்.

பிறகு எப்படி அவன் சோதனையில் உறையவில்லை?

15 மே, வெள்ளி

பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்டபோதுதான் விளங்கிற்று. சோதனையை ஓடவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கிறான்! கடை பூட்டு, ஊரே பள்ளிவாசலில் — ஓர் அழைப்பும் இல்லாமல் எப்படி உறையும்?

திருத்தம் தயார். கொடுக்கமாட்டேன். அடுத்த கிழமை ஞாயிறு கடை நிரம்பும்போது எல்லோருக்கும் முன்னால் அவன் முகத்தில் கரி பூசுவேன். "சனம் பாவம், உன்ட நெஞ்சென்ன கல்லா?" என்று உம்மா கேட்டார். ஓம், கல்லுத்தான்.

19 மே

யுத்தம் முடிந்ததாம். தெருவில் பட்டாசு வெடிச் சத்தம்.

மீன் விற்கிற சீதேவி அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். மகள் தர்சினி சண்டை நடந்த வன்னியில். டோஹாவிலிருந்து மகன் ரஜிதன் கதைக்கும்போது, "அக்காவக் கண்டவங்களாம்" என்ற இடத்தில் மெசின் உறைந்துவிட்டது.

"எப்படிக் கண்ட புள்ள? உசிரோடயா?"

எனக்கென்ன தெரியும்! அல்லாஹ்வே, ஞாயிறு வரைக்கும் இவரை எப்படி வைத்திருப்பது? கடைக்கு ஓடினேன். ஜெஸீல் மறித்தான். "தள்ளுடா!" என்று திருத்தத்தைப் போட்டேன்.

ரஜிதன் மறுபடி லைனில் வந்தான்: தர்சினி முகாமில். உயிரோடு. சீதேவி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

"பிழைய நானும் தேடிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தன்" என்று காக்காவிடம் பெருமையடித்தான் அந்த நாய்.

21 மே

கேற்றடியில் ஜெஸீல். "மச்சி, நீ மாத்தினத வாசிச்சன். பிழை என்டதான்."

"இங்க சொல்லாத. ஞாயிறு, சனத்துக்கு முன்னால சொல்லு." கதவைச் சாத்தினேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

24 மே, ஞாயிறு

கடையில் கால் வைக்க இடமில்லை. ஜெஸீல் நடுவில் நின்று, "பிழை என்டதான். ஸாலிஹாட கோட்ல ஒண்டுமில்ல" என்றான். சத்தமாகத்தான் சொன்னான்.

ஒருவரும் திரும்பவில்லை. எல்லா லைனும் வேலை செய்தது. எல்லோரும் அவரவர் ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றேன். இன்னும் உரக்கச் சொன்னான்.

சீதேவி அக்கா மட்டும் திரும்பினார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் மெள்ளக் கதைங்க புள்ள, மகன் சொல்றது கேக்குதில்ல" என்றார்.