மடிப்புக்குள் போகும் கால் இஞ்ச்

என் மல்லிகா அக்காவுக்கு,

போன இடத்தில் நீ சுகமாக இருப்பாய் என்று கெங்கையம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்த நம்மைக் கடப்பாக்கத்தில் ஓரகத்திகள் என்றுதான் சொன்னார்கள். எனக்கு அக்கா என்றுதான் வாயில் வந்தது. இப்போதும் அப்படியே வருகிறது.

உன் மகள் சுதாவுக்கு நிறை மாசம். தாய் வீட்டுக்கு வாடி என்றேன். ஆஸ்பத்திரி பக்கம் என்று செங்கல்பட்டிலேயே இருந்துவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு நாம் இரண்டு பேரும் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தைத்தோமே, ஒட்டுத்துணிப் போர்வை, அதே மாதிரி பிள்ளைக்குப் பாதி அளவில் வேண்டுமாம். அதுவும் உன் பச்சைப் புடவையில். கருமாதிக்குப் பிறகு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். அவள் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அவள் கொடுத்தனுப்பியதை விரித்துப் பார்த்தேன். முழுக்க நைந்து கிடக்கிறது. இடுப்பில் முதல் சுற்றாகச் சொருகுவாயே, அந்த உள்முந்தி மட்டும் நிறம் மாறாமல் முப்பது இஞ்சுக்குத் தேறுகிறது.

பெரிய போர்வைக்கு நாலரை இஞ்சுச் சதுரமாக வெட்டினோம். பாதிதானே என்று இரண்டே கால் போட்டேன். துணி போதும் என்றது கணக்கு. பிள்ளை பிறக்கும் முன் அதற்கென்று துணியில் கத்தரி வைக்கக் கூடாது. அதனால் உன் கொழுந்தனாரின் பழைய லுங்கியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது துண்டு சேர்த்து ஒரு கட்டம் தைத்துப் பார்த்தேன். ஆறு இஞ்ச் வர வேண்டியது ஐந்தே காலில் நின்றது.

“என் லுங்கி இன்னாடி பாவம் பண்ணிச்சு?” என்றார். தைத்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே கீது” என்றார்.

“நல்லாத்தான் கீது. சின்னதா கீது.”

பிறகுதான் புரிந்தது. போர்வையைப் பாதியாக்கலாம், தையலுக்கு விடும் கால் இஞ்சைப் பாதியாக்க முடியாது. நாலரையில் வெளியே தெரிவது நாலு. அந்த நாலைப் பாதியாக்கி, அதன் பிறகு பக்கத்துக்குக் கால் கால் சேர்க்க வேண்டும். ஆக இரண்டரை. அப்படி வெட்டினால் பெரிய போர்வையில் வைத்த மாதிரி எட்டு வரிசைக்கு உன் துணி எட்டவில்லை. கட்டத்துக்கு உன் துண்டு ஐந்து, மீதி நாலு வேறு துணி என்று வைத்தாலும் கடைசி வரிசையில் ஒரே ஒரு கட்டம்தான் முடியும். துண்டு சிறுக்கச் சிறுக்க மடிப்பு விழுங்குவதும் கூடுகிறது, அக்கா. இருக்கிற கொஞ்சத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடும்.

அதிலிருந்து உட்கார முடியவில்லை. விளக்கேற்றும்போது வாய் அம்மன் பேரைச் சொல்கிறது, மனசு இரண்டரை, இரண்டே கால் என்கிறது. தையலுக்குக் காலில் பாதி, அரைக்கால் இஞ்ச் மட்டும் விட்டால் இரண்டே காலே போதும், எட்டு வரிசையும் வந்துவிடும். ஆனால் பிள்ளைத் துணி, தினம் துவைக்கிறது. பழைய நூல் எத்தனை நாள் பிடிக்கும்? பிசிறு விட்டுப் பிரிந்து வந்தால் மறுபடி உன் புடவைக்கு எங்கே போவேன்?

நேற்று சுதா போன் செய்தாள். “சித்தி, இன்னா பண்ணிகினு கீற?”

“உங்கம்மாவப் பங்கு போட்டுகினு கீறேன். பாதி தையலுக்குள்ளயே போயிடுது, யாருக்கும் தெரியாது.”

“உள்ள போனா இன்னா சித்தி? அதுக்குள்ளதானே கீது, எங்க போயிடப் போவுது?” என்றாள்.

“எட்டு வரிசை வராதுடி. ஏழுதான்.”

“எங்கம்மா இருந்த உயரத்துக்கு ஏழே ஜாஸ்தி” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். நான் அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

உனக்குக் கோபம் வராது என்று நினைக்கிறேன். நீயாக இருந்தால் எட்டாவது வரிசைக்கு வேறு வழி கண்டிருப்பாயோ?

பிள்ளை பிறந்த சேதி வந்த அன்றைக்கே கத்தரி எடுப்பேன், அக்கா. இரண்டரைதான் வெட்டுவேன். பக்கத்துக்குக் கால் இஞ்ச், ஒரு நூல் கூடக் குறைக்க மாட்டேன். ஏழு வரிசை போக ஆறு துண்டு மிஞ்சும். அதில் ஒன்று எனக்கு. கேட்கவில்லை, எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
சுதாவின் சித்தி