தையல் மெஷின் கேட்கிற அளவுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் பெரும்பாலும் நலம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் என்று எழுதிவிட்டேனே என்று பதறாதே, கடைசிவரை படி. போன மாதம் நீ போனில் கேட்டாயே, அங்கேயே தங்கிவிடப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து அப்பா உன்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, அம்மாகிட்ட பேசு என்று போனை என் கையில் திணித்துவிடுகிறார், அவ்வளவு கோபமா என்று. அன்றைக்கு எனக்கே தெரியாததால் மழுப்பிவிட்டேன். இப்போது தெரிந்துவிட்டது. போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் உன் தம்பி மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவளால்தான் எல்லாம் தெரிய வந்தது. நீ கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவன், படத்தில்தான் அவளைப் பார்த்திருக்கிறாய். பார்வை இல்லாத பெண், எப்படிச் சமாளிப்பாளோ என்று கவலைப்பட்டாய். கவலைப்படுவதானால் உன் தம்பிக்காகப் படு, வைத்த சாவியைக் காணோம் என்று தினமும் வீட்டைப் புரட்டுகிறவன் அவன்தான், எடுத்துக் கொடுப்பவள் அவள். மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை அவளுக்கு, எதிர்முனையில் ஆள் வாயைத் திறப்பதற்கு முன் மூச்சை வைத்தே இன்ன டாக்டர் என்று சொல்லிவிடுவாளாம். காலையில் தனியாகத்தான் போவாள். நான் கையைப் பிடிக்கப் போனால், அத்தை, நீங்க பிடிச்சா நான் உங்க நடையைத்தான் கேட்பேன், தெருவைக் கேட்க மாட்டேன் என்பாள். மூலையில் தையல்காரர் மெஷின் ஓடுகிற சத்தம் நம் வாசலிலிருந்தே அவளுக்குக் கேட்கிறது, அதைப் பிடித்துக்கொண்டே நடப்பாள், அது வலது காதுக்கு நேராக வந்தால் தெரு முடிந்தது, அங்கே நின்று வண்டிச் சத்தம் ஓய்வதைக் கேட்டுப் பெரிய சாலையைக் கடப்பாள். எனக்கு இத்தனை காலம் அந்த மெஷின் ஓடுவதே காதில் விழுந்ததில்லை.

சென்ற வாரம் நம் தெருவின் ஆண்டு விழா. நீ அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து உன் அப்பாதான் விழாக் குழுத் தலைவர், மைக்செட்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா என்று சொல்வதற்கென்றே பிறந்தவர். இந்த வருஷம் ஆளுயரப் பெட்டிகளைத் தெருவின் இரண்டு பக்கமும் அடுக்கி, காலையிலேயே பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்குகிறது, எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போனது போனதுதான். மருமகள் அப்போது தெருவில் பாதி தூரம் போயிருந்தாள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் பார்க்கிறேன், அவள் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குத் தெருவே காணாமல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, நாற்காலி இறக்க வந்த வேன் பின்னோக்கி வந்துகொண்டிருக்கிறது. டிரைவர் ஹாரன் அடித்தானாம், அடித்தால் யார் காதில் விழும். நான் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. யாரோ ஓடிப்போய் வேனைத் தட்டி நிறுத்தினார்கள், அவளுக்கும் வேனுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

நானாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? கோலால் தரையைத் துழாவினாள், வயர் தட்டுப்பட்டது, அந்த வயரை விடாமல் பிடித்துக்கொண்டு நிதானமாக மைக்செட் கொட்டகைக்குள் போனாள், மேஜைக்கடியில் கையை விட்டாள், பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்! தெரு அடங்கிவிட்டது. மைக்செட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. யாருடா அது என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்த உன் அப்பா பார்த்தால், கையில் பிளக்கோடு நிற்பவள் சொந்த மருமகள். மாமா, எனக்கு ஒரு நிமிஷம் தெரு வேணும், நான் அந்தப் பக்கம் போனதும் மாட்டிக்குங்க என்று சொல்லி, பிளக்கை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் சாலையைக் கடந்து மறைகிறவரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, அப்பாவைத் தவிர. அவர் மட்டும் கத்திக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் நெஞ்சுரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

சாயங்காலம் வீட்டில் பூகம்பம்தான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ வந்ததும் வராததுமாக என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, அத்தை, மாமாவுக்கு எத்தனை நாளா காது சரியா கேட்கலை என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டு நின்ற பிறகும் ஒரு கை தூரத்தில் நின்று, பெட்டிகள் இன்னும் அலறுவது போலவே அவர் கத்தினாராம், கோபக்காரர் மூச்சு அப்படி இருக்காதாம். வீட்டிலும் கவனித்திருக்கிறாள். அவர் பக்கம் முகத்தை வைத்துப் பேசினால் பதில் வரும், அலமாரிப் பக்கம் திரும்பிப் பேசினால் வராது. நம் வாயைப் பார்த்தே மனுஷன் இத்தனை நாள் காலத்தை ஓட்டியிருக்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவரை எத்தனையோ தடவை கிண்டலடித்திருக்கிறேன், இனி என் வாயில் அந்தப் பழமொழி வராது. இப்போது புரிகிறதா, போனில் ஏது வாய்? முகம் தெரிகிற மாதிரி நீ கூப்பிட்டாலும் நடந்துகொண்டே பேசுகிறாய், எங்களுக்குத் தெரிவது உன் வீட்டுக் கூரையும் உன் ஒரு காதும்தான். உற்று உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிடுகிறார். நீ வைத்த பிறகு, என்ன சொன்னான் என்று கேட்பார், சொன்னால் இன்னொரு தடவை சொல்லு என்பார். கோபம் இல்லையடா கண்ணு. கோபம் இருந்தால் இரண்டாவது தடவை கேட்பாரா?

மறுநாள் அவளே அவரைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். என் காதுக்கென்ன, கிண்ணுனு இருக்கு என்று முரண்டு பிடித்தவர், துணைக்கு வாங்க மாமா என்று அவள் சொன்னதும் பூனைபோலப் பின்னால் போனார். வருஷக்கணக்கில் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்ததால் வந்தது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றாராம் டாக்டர். கேட்காததால் ஏற்றச் சொல்லியிருக்கிறார், ஏற்றியதால் இன்னும் கேட்காமல் போயிருக்கிறது. காதில் வைக்கிற கருவிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள், வர நாளாகும். திரும்பி வரும்போது இருவரும் கைகோத்து வந்தார்கள், யார் யாரைக் கூட்டிவருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

விழாவின் கடைசி நாள் அப்பா செய்ததையும் சொல்ல வேண்டும், பெருமையாக இருந்தது. பாதிப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மருமகளை நம் வாசலில் நிற்கவைத்து, தான் மைக்செட்காரர் பக்கத்தில் நின்றுகொண்டார். குறை, இன்னும் குறை என்று சொல்லிக்கொண்டே வந்து, தையல் மெஷின் கேட்கிறது என்று அவள் கையைத் தூக்கியதும், இதுதான் அளவு, இதற்கு மேல் ஏற்றினால் நான் தலைவன் இல்லை என்றார். இது விழாவா லைப்ரரியா என்று பையன்கள் முணுமுணுத்தார்கள், அவர் காதில்தான் விழாதே, வசதியாகப் போயிற்று. தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை, தைக்கத் துணி இல்லாதபோதும் மிதித்துக்கொண்டே இருந்தார். நாயும் வெளியே வந்துவிட்டது. என் மருமக சொன்ன அளவு என்று இவர் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார், தன் காதைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

உனக்குச் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், பிள்ளை தூரத்தில் தனியாகக் கிடந்து கவலைப்படுவானாம். போனில் சொல்லலாமென்றால் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார். சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம், எழுத மாட்டேன் என்று இல்லையே. நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் உட்கார், விளக்கு உன் முகத்துக்கு நேராக இருக்கட்டும், கத்தாதே, கத்தினால் வாய் கோணும், நிறுத்தி நிதானமாகப் பேசு. நீ அங்கே தங்குவதைப் பற்றி அவர் மனதில் இருப்பதை அவரே சொல்லட்டும். நோய் நொடி அண்டாமல், எண்ணியதெல்லாம் கைகூடி, நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, மேலுதட்டை மூடுகிற அந்த மீசையை வெட்டிவிடு. ஏன் என்று கேட்டால் வெயில் என்று சொல்லிக்கொள். உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மீசையை எடுத்தான்னா நல்லா இருக்கும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அழகுக்காகச் சொல்கிறார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா