புதவார் பேட்டைத் தட்டுப் போர்

அக்கா,

ஈரேழு பதினாலு உலகத்திலும் எவரும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன் என்று, புனேயை ஒட்டிய இந்த நிக்டி குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி மீது ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். நீயும் நம்பமாட்டாய். கதைக்குள் நீயே இருந்தும் நம்பமாட்டாய். "அடேய் அண்டப்புளுகா" என்று நீ எனக்குச் சூட்டிய பட்டத்தை ஆதார் அட்டையில் ஏற்றாததுதான் குறை.

நேற்று மத்தியானம் மேல்வீட்டில் எவர்சில்வர் தட்டு ஒன்று விழுந்தது. உன் நெளிந்த தட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது, அந்த வீட்டுக் கதவுக்கு முன்னால், தட்டும் கையுமாக, விரலில் ரசம் சொட்ட நிற்கிறேன். என்னை வைத்துப் பார்த்துக்கொள்ளும் தங்கை மகன் பின்னாலேயே ஓடி வந்து, "மாமா, தட்டு விழுந்தா அவங்களே எடுத்து வைப்பாங்க, நீங்க எதுக்கு?" என்றான். அவனுக்கு எங்கிருந்து தொடங்குவது?

புனே புதவார் பேட்டையில் உன் கட்டடத்துப் படிக்கட்டின் அடியில் எனக்கு ஒரு குக்கர், ஸ்டவ் ரிப்பேர் கடை இருந்தது. கடை என்றா சொன்னேன்? அரண்மனை. உள்ளே உட்கார்ந்து கால் நீட்டினால் தெருவில் போகிறவர் தடுக்கி விழும் அளவுக்கு விசாலம். மேலே நீங்கள் தொழில் செய்த அறைகள். அங்கே உங்கள் சட்டம்தான் செல்லும். வந்தவன் கை நீட்டினால் உள்ளே இருப்பவள் தட்டை எடுத்துக் கரண்டியால் அடிக்க வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும், அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, போக வேண்டும். அவனை யாரும் தொடக் கூடாது. படிக்கட்டு நிறைய உட்கார்ந்துகொண்டு, மன்னிப்புக் கேட்கும்வரை இறங்க விடக் கூடாது. அப்புறம் வெறுங்காலோடு அனுப்பிவிட்டு அவன் செருப்பை வாசல் ஆணியில் மாட்டுவீர்கள். அந்தச் செருப்புக்காரனுக்கு அதன் பிறகு அந்தச் சந்தில் ஒரு கதவும் திறக்காது.

உங்களையெல்லாம் மீட்கப் போவதாக வந்த அம்மையார் ஒருவர், இதற்கெல்லாம் போலீஸைக் கூப்பிடக் கூடாதா என்று கேட்டார். நீ அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: "கூப்பிட்டோம்மா. அடிச்சவன் வீட்டுக்குப் போயிட்டான். அடி வாங்குனவளக் கொண்டுபோயிக் காப்பகத்துல பூட்டிட்டாய்ங்க. அவ புள்ள எங்கிட்டக் கெடந்து அழுதுச்சு."

அடி வாங்கியவள் சாந்தா, சோலாப்பூர்க்காரி. மாதக்கணக்கில் மகளைப் பிரிந்திருந்து திரும்பியவள். காக்கிச் சட்டையைத் தூரத்தில் கண்டாலே மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

இனி போர். நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்து, மாலையில் மருத்துவர்களுக்கு நன்றி சொல்லித் தட்டு அடிக்க வேண்டும் என்றார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை. வெளியே வரக் கூடாது என்ற பாதிச் செய்தி உங்கள் மாடிக்கு வந்திருந்தது. தட்டு அடிக்கும் பாதி வரவில்லை. மாலையில் புனே முழுக்க ஒரே சமயத்தில் தட்டு முழங்கியது. முட்டா நதி பயந்து பின்னோக்கி ஓடியது. சனிவார் வாடாக் கோட்டைக் கதவின் இரும்பு முள்ளெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. உன் படை தட்டும் கரண்டியுமாகப் படியிறங்கியது. ஒருத்தி தலையில் பாதிதான் பின்னியிருந்தாள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "அக்கா, இது டாக்டருக்கு அடிக்கிற தட்டு. மேல போயிப் படு."

"தட்டு அடிச்சாப் போகணும். யாருக்குன்னு போயிப் பாத்துக்குவோம்" என்றாய்.

கதவு கதவாகப் பார்த்துக்கொண்டே ஏறினாய். கேலி பேசிக்கொண்டே நானும் ஏறினேன். கடைசி மாடியில் சாந்தாவின் கதவு மட்டும் திறக்கவில்லை. உள்ளேயும் தட்டு அடிக்கும் சத்தம். சட்டென்று அது நின்றது. என் சிரிப்பும் நின்றது.

முந்தின நாள் வந்து, ஊர் அடங்கியதால் மாட்டிக்கொண்டு, குடித்துக்கொண்டே கிடந்த ஒருவன் உள்ளே இருந்தான். நீங்கள் எல்லாருமாகக் கதவைத் தள்ளித் திறந்தபோது அவன் கை அவள் கழுத்தில் இருந்தது. ஊரே அடிக்கும்போது என் தட்டு யாருக்குக் கேட்கும் என்று நினைத்துத்தான் அடித்தேன் என்று அவள் பிறகு சொன்னாள்.

அவனைப் படிக்கட்டில் உட்கார வைத்தீர்கள். உன்னைப் பார்த்து அவன் கும்பிட்டான். நீ கரண்டியைச் சாந்தா பக்கம் நீட்டிக் காட்டினாய். "அவகிட்டக் கேளு. தொழிலுக்கு வந்தவடா, அடி வாங்க வந்தவ இல்ல."

அந்த நேரம் பார்த்து ரோந்து வண்டி வந்து நின்றது. ஹவல்தார் தடியை ஓங்கிக்கொண்டு, என்ன கூட்டம் இது என்றார். சாந்தா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு வார்த்தை தவறினால் மறுபடியும் காப்பகம், மறுபடியும் மகள் வேறெங்கோ. நீ எழுந்து நின்றாய்.

"தாள்யா வாஜவ்தோய், சாஹேப். தட்டு அடிக்கிறோம். நீங்கதான அடிக்கச் சொன்னீக?"

சொல்லிவிட்டு ஓர் அடி அடித்தாய் பார், தட்டு நெளிந்தது அப்போதுதான். எல்லாரும் அடித்தார்கள். நாட்டின் ஆணையை மீற முடியாமல் ஹவல்தார் விறைப்பாக சலாம் வைத்தார். கை நீட்டியவன் வெறுங்காலோடு கோலாப்பூர்வரை நடந்துபோய்ச் செருப்பு வாங்கினான்.

நீ கண்ணை மூடிய அன்று உன் பாடையைத் தூக்கியவர்கள் பெண்கள். ஆண்கள்தான் தோள் கொடுக்க வேண்டும் என்ற பண்டிதரிடம், இத்தனை காலம் யார் கொடுத்தார்கள் என்று சாந்தா கேட்டாள். முன்னால் தூக்கிப்போனதும் அவள்தான். திரும்பி வந்து இந்தத் தட்டை என் கையில் வைத்தாள்.

நேற்று மேல்வீட்டுப் பெண் கதவைத் திறந்து, கழுவும்போது கை வழுக்கிவிட்டது என்று காகா முறை வைத்துச் சொன்னாள். அசடு வழியத் திரும்பினேன். பின்னாலிருந்து மெதுவாக, எப்போது தட்டுச் சத்தம் கேட்டாலும் வருவீர்களா என்று கேட்டாள். வேறு வேலை இல்லை, வருவார் என்று தங்கை மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

உன் தட்டைக் கழுவி, ஒரு கரண்டியோடு அவளிடம் கொடுத்துவிட்டேன். குடியிருப்புச் செயலாளர், லிஃப்டில் போலீஸ் நம்பர் ஒட்டியிருக்கிறதே, இது என்ன புது வழக்கம் என்றார். ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும் என்றேன். இன்று காலை பார்க்கிறேன், தங்கை மகன் தன் செருப்பை, கால் நுழைத்ததும் ஓடத் தோதாக, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறான்.

சரி, நீ முறைப்பது தெரிகிறது. ஆறு பின்னோக்கி ஓடவில்லை. முள் உதிரவில்லை. ஹவல்தார் சலாம் வைக்கவில்லை, திட்டிவிட்டுப் போனார். கோலாப்பூரும் புளுகு. ஒரே ஒரு சின்ன சங்கதி மட்டும் நிஜம், அக்கா. ஊர் முழுக்க அடித்த தட்டுக்கு நடுவே ஒருத்தி தன் தட்டை அடித்தாள். நீ போனாய்.