ஆளித்தண்டு ஊறிய தொட்டியருகே

இன்று காலை, கிள்ளானை அடுத்த மேருவிலுள்ள நம் தொழிற்சாலையில் தொட்டியின் மூடியைத் திறந்தேன். ஊறிய வைக்கோலைப் போன்ற அந்த வாசனை வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடமாகிறது.

ஆளிவிதை தரும் செடியின் தண்டிலிருந்துதான் லினன் நாரும் வருகிறது. தண்டோடு நாரை ஒட்டவைத்திருக்கும் பசையை என்சைம் எனப்படும் நொதி கரைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் தண்டுக் கட்டுகளை நொதி கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கும் முறையை வகுத்தவள் நீ. நாரின் வலுவைச் சோதிப்பது என் வேலை.

முதல் பெரிய தொட்டியின் நார் கை பட்டதுமே உதிர்ந்தது. மேனேஜர், தொட்டியைப் பார்த்துக்கொண்ட நேபாளத்து பிகாஷை மலாயில் திட்டித் தீர்த்தார். பிறகு நம்மிடம், “இவன ஊருக்கு அனுப்பிடலாம் லா,” என்றார். பிகாஷ் கையுறையை முறுக்கியபடி நின்றார்.

நீ ஈரநாரைக் கையிலெடுத்துப் பார்த்தாய். “பாஸ், அவரு நான் சொன்னதத்தான் செஞ்சாரு. தண்ணிய வடிச்சா என்சைம் நின்னுடும்னு நெனச்சிட்டேன். அது ஈரத்துலயே நார அரிச்சிருக்கு. கொதிக்கிற தண்ணி ஊத்தி நிறுத்தணும்னு நான் சொல்லவே இல்ல. தப்பு என்னோடது.”

அந்த வருடம் உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. தொட்டி கெட்ட அன்று மாலை கிள்ளான் ஸ்டேஷன்வரை என் காரில் வந்தாய். இறங்கும்போது, “பயமாத்தான் இருந்துச்சுடி. ஆனா அவரு மொகத்தப் பாத்த பிறகு வேற எதுவும் சொல்ல வரல,” என்றாய்.

அடுத்த தொட்டியை நீயும் பிகாஷும் சேர்ந்தே கவனித்தீர்கள். பதம் வந்ததும் கொதிநீர் ஊற்றினீர்கள். காயவைத்து, நசுக்கி, சீவியபோது, தலைமுடியைவிட மெல்லிய நார் வெளிறிய பொன்னிறத்தில் நீளநீளமாக வந்தது. பிகாஷ் அதைக் கன்னத்தில் வைத்துச் சிரித்தார். நீ முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

பிரிக்பீல்ட்ஸ் தேவாலயத்தில் உன் அடக்கப் பூசை முடியும்வரை பிகாஷ் கடைசி வரிசையில் நின்றார். சவப்பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டபோது முதலில் முன்னே வந்தவர் அவர்தான்.

இப்போது உன் பிரிவு என் பொறுப்பில். ஏதாவது கெட்டுப்போனால், எல்லார் பார்வையும் இருப்பதிலேயே கீழே உள்ள ஆளின்மேல்தான் விழுகிறது. நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். நின்றபடியே, இவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று யோசிக்கத் தொடங்குகிறேன்.